பேஸ்மென்றில் ஒரு டபுள் ஐபிஏ: யாழ்ப்பாணத்தில் இருந்து மருமகனுக்குச் சொன்னது

ஸ்காபரோவில் இருக்கும் என் தங்கச்சியின் மகன் பியர் காய்ச்சப் பழகுகிறான். கோடைகாலத்தில் அங்கே சனிக்கிழமை காலை பத்து மணி என்றால் இங்கே இரவு ஏழரை. கொக்குவிலில் வீட்டு விறாந்தையில் கதிரையைப் போட்டு நான் இருக்க, அவன் போனைக் கிடாரத்துக்கு மேலே பிடித்துக்கொண்டு "மாமா, இது சரியோ?" என்று கேட்பான். ரொறன்ரோவில் இருந்த காலத்தில் நான் பழகியதைச் சொல்லிக் கொடுப்பேன். போன மாதம், "எல்லாம் வொய்ஸ் மெசேஜில சிதறிக் கிடக்கு, ஒருக்கா ஒழுங்கா எழுதித் தாங்கோ" என்றான். அவனைப் போல இன்னும் நாலு பேர் அங்கே இருப்பார்கள் என்று இதைப் பொதுவாகவே எழுதுகிறேன்.

முதலில் சட்டம். கனடாவில் சொந்தப் பாவனைக்கு வீட்டில் பியர் காய்ச்சலாம், விற்க முடியாது. பிரித்தானியாவில் 1963இல் இருந்து அதற்கு அனுமதிப்பத்திரம் தேவையில்லை. இலங்கையில் 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச்சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் காய்ச்சினால், அது கசிப்போ ஐபிஏயோ, குற்றம்தான். அதனால் ஊரில் இருக்கும் நான் இப்போது போனில் மட்டும் காய்ச்சுகிறேன். ஊரில் இருந்து இதை வாசிப்பவர்கள் வாசிப்போடு நிற்கவும்.

இனி, என்ன காய்ச்சப் போகிறோம் என்று தெரிய வேண்டும். ஐபிஏ என்பது இந்தியா பேல் ஏல் என்பதன் சுருக்கம், ஹொப்ஸ் தூக்கலாக இருக்கும் வெளிர்நிறப் பியர். ஹொப்ஸ் ஒரு கொடியின் பூக்காய். கசப்பும் மணமும் அதில் இருந்துதான் வருகின்றன. டபுள் ஐபிஏ என்றால் எல்லாமே இரண்டு மடங்கு என்று இல்லை. மது அளவு ஏழரை முதல் பத்து வீதம் வரை இருக்கும், ஹொப்ஸ் மட்டும் கணக்கு வழக்கில்லாமல் போகும். 1994இல் கலிபோர்னியாவின் டெமெக்கியூலாவில் பிளைண்ட் பிக் என்ற சிறிய பியர்ச்சாலையில் வின்னி சிலூர்சோ காய்ச்சியதைத்தான் இந்த வகையின் தொடக்கமாகச் சொல்வார்கள். பிறகு ரஷ்யன் ரிவர் பியர்ச்சாலையில் அவர் செய்த பிளைனி த எல்டர் உலகம் முழுக்கப் பேர் எடுத்தது. அந்தப் போத்தலின் லேபிளை வாசித்துப் பார்: குளிரில் வை, புதிதாகக் குடி, பழுக்கப் போடாதே என்று கெஞ்சாத குறையாக எழுதியிருக்கும்.

அந்தக் கெஞ்சல் எனக்கு விளங்கியது ஊரில்தான். பல வருடத்துக்கு முன்னம் அண்ணையின் மகனுடைய கலியாணத்துக்கு வந்தபோது, நானே காய்ச்சிய பன்னிரண்டு போத்தல்களைச் சாரத்திலும் பழைய சேலையிலும் சுற்றிச் சூட்கேசில் கொண்டுவந்தேன். ஒன்றும் உடையவில்லை என்று பெருமைப்பட்டேன். கலியாண அலைச்சலில் அதை அறை அலுமாரிக்குள் வைத்து மூன்று கிழமை மறந்துவிட்டேன். அது மே மாத வெக்கை. எல்லாம் முடிந்து ஒரு பின்னேரம் கிளாசில் ஊற்றினால், பொன்னிறமாக இருந்தது கறுத்துப் பழைய தேத்தண்ணி நிறத்தில் நிற்கிறது. அண்ணை ஒரு மிடறு குடித்து, கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "பிழை சொல்லக் கூடாது, கனநாள் பூட்டிக் கிடந்த சீலைப் பெட்டிக்குள்ள மூக்கை விட்ட மாதிரி இருக்கு" என்றார். தோடம்பழமும் மாம்பழமும் மணக்க வேண்டிய இடத்தில் நனைந்த மட்டைப்பெட்டி மணந்தது.

அடுத்த நாள் காலையில் பக்கத்து வளவில் இறக்கிய கள்ளு வந்தது. அண்ணை கேட்காமலே சொன்னார்: "இதைப் பொழுதுபட வைச்சுக் குடிச்சால் நீ புளிச்ச வாயோட பேசாமப் போவாய். உன்ர சாமானும் இப்பிடித்தானோ?" இப்படித்தான். காரணம் மட்டும் வேறு. கள்ளைப் புளிக்க வைப்பவை பக்றீரியாக்கள். ஹொப்ஸ் மணத்தைக் கொல்வது ஒட்சிசனும் வெக்கையும். இந்தியாவுக்குப் போகும் கப்பலில் கெட்டுப்போகாமல் இருக்கத்தான் ஐபிஏயில் ஹொப்ஸ் கூடப் போட்டார்கள் என்ற கதையைக் கேட்டு, மணமும் தாங்கும் என்று நான் ஏமாந்திருந்தேன். ஹொப்ஸ் கசப்பு பக்றீரியாவை மறிக்கும், உண்மை. மணம் கப்பல் ஏறாது. கீழே வரும் படிகளில் பாதி, ஈஸ்ட் போட்ட பிறகு காற்றை உள்ளே விடாமல் இருப்பதற்கான வேலைதான்.

சாமான்கள்

முதல் தடவை தானியத்தில் இருந்து தொடங்க வேண்டாம். மோல்ட் என்பது முளைக்கவிட்டுக் காயவைத்த பார்லி. அதன் சாறைக் காயவைத்துப் பொடியாக்கிய டிரை மோல்ட் எக்ஸ்ட்ராக்ட் வாங்கு. கடைக்காரர்கள் டிஎம்இ என்பார்கள். ஆக வெளிறிய வகையைக் கேள். "ஒரிஜினலாத் தானியத்தில செய்யேல்ல" என்று யாராவது நக்கல் அடித்தால், உனது பியரை ஊற்றிக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இரு.

என் அளவு, முடிவில் வாளிக்குள் 19 லீற்றர் வருவதற்கானது: வெளிறிய டிஎம்இ மூன்றரைக் கிலோ, சீனி அரைக் கிலோ, ஹொப்ஸ் மொத்தம் 315 கிராம், யூஎஸ்-05 ஈஸ்ட் பைக்கற் இரண்டு. ஹொப்ஸ் வகைகளில் கொலம்பஸ் 35 கிராம், சென்டெனியல் 30, சிட்ரா 125, சிம்கோ 125.

பியருக்குள் சீனியா என்று முகத்தைச் சுழிக்காதே. எல்லாம் மோல்டாகப் போட்டால் இவ்வளவு பலமான பியர் பாகு போல நாக்கில் ஒட்டும். சீனி முழுவதும் புளித்துப் போய்விடும், உடம்பை மெலிய வைக்கும், ஹொப்ஸ் எடுப்பாகத் தெரியும். அமெரிக்கர்கள் சோளச் சீனி போடுவார்கள். நான் ஊரில் இருந்து கொண்டுபோன பனங்கற்கண்டைப் போட்டேன். அதுவும் பெரும்பாலும் கடைச் சீனியில் இருக்கும் அதே இனிப்புத்தான், வித்தியாசம் சொல்லத் தெரியவில்லை, மனத்துக்கு மட்டும் நல்லாக இருந்தது. பனங்கட்டி போடாதே. அதன் நிறமும் வாசமும் ஹொப்ஸோடு சண்டை பிடிக்கும்.

ஹொப்ஸ் இப்போது உருட்டி அழுத்திய குளிகையாக வரும், பச்சை நிறக் கோழித்தீன் போல. காற்றகற்றிய பைக்கற்றில் அடைத்ததை மட்டும் வாங்கு, வீட்டுக்கு வந்ததும் பிரீசருக்குள் வை. திறந்து மணந்தால் தோடம்பழம் உரித்த மணம், பைன் பிசின், சிலதில் விளாட் மாம்பழம் கூட வரும். பழைய சீஸ் மணம் வந்தால் அது பழுது, எறி. இந்தச் செடி கஞ்சாவின் குடும்பம் என்பது உண்மைதான், ஆனால் போதை எதுவும் இல்லை. பைக்கற்றைக் கண்டு அம்மா கேட்டால் சொல்வதற்காக எழுதினேன்.

பாத்திரம்: 38 லீற்றர் துருப்பிடிக்காத கிடாரம் ஒன்று. ஊரில் கலியாண வீட்டுச் சோற்றுக்கு வைப்பதில் சின்ன அளவு. மூடியும், உள்வாயுவை வெளியே விட்டு வெளிக்காற்றை மறிக்கும் ஏர்லொக்கும் உள்ள, 25 லீற்றர் கொள்ளும் உணவுத்தரப் பிளாஸ்டிக் வாளி இரண்டு, ஒன்று புளிக்க வைக்க, மற்றது போத்தல் அடைக்கும் நாளுக்கு. சைஃபன் குழாய், வெப்பமானி, சாறை ஆற வைக்கும் செப்புச் சுருள். கடைசியாக ஹைட்றோமீற்றர். ஊரில் பால்காரரிடம் பால்மானி பார்த்திருப்பாய், அதே தத்துவம்தான். சீனி கூடினால் மேலே மிதக்கும், புளிக்கப் புளிக்கத் தாழும். இது இல்லாமல் தொடங்காதே. ஏர்லொக்கில் குமிழி வருவதை வைத்து நாள் எண்ணுகிறவர்கள்தான் பிறகு போத்தல் வெடித்தது என்று அழுகிறார்கள்.

துப்புரவும் தண்ணியும்

சாறு ஆறிய பிறகு அதைத் தொடும் எல்லாவற்றையும் முதலில் கழுவ வேண்டும், பிறகு கிருமிநீக்க வேண்டும். இரண்டும் ஒரே வேலை இல்லை. அழுக்குக்கு மேலே மருந்து வேலை செய்யாது. ஸ்டார் சான் என்ற அமிலக் கரைசல் நல்லது. 19 லீற்றர் தண்ணிக்கு 30 மில்லிலீற்றர். நுரை வரும், அதைக் கழுவத் தேவையில்லை. மருமகன் முதல் தரம் அந்த நுரையைப் பார்த்துப் பயந்து பைப் தண்ணியால் நல்லாகக் கழுவிவிட்டு எனக்குப் பெருமையாகக் காட்டினான். திரும்பத் தொடக்கத்தில் இருந்து.

தண்ணி விசயத்தில் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கு ஒரு குழப்பம் உண்டு. எங்கள் கிணறுகள் சுண்ணக்கல்லுக்குள் தோண்டியவை, கேத்திலுக்குள் வெள்ளைப் படை கட்டும். இங்கிலாந்தில் பேர்ட்டன் ஊரின் கடினநீர்தான் ஐபிஏக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது என்று வாசித்துவிட்டு மருமகன், "அப்ப எங்கட கிணத்துத் தண்ணியும் நல்லதுதானே" என்று கேட்டான். இல்லை. பேர்ட்டன் தண்ணியில் இருப்பது ஜிப்சம், அதாவது சல்பேற். அது கசப்பைக் கூர்மையாக்கி, வாய் காயும்படி முடிக்கும். எங்களுடையது இருகாபனேற்றுக் கடினத்தன்மை. அது கசப்பைக் கரடுமுரடாக்கும். கடினநீர் என்று ஒரே பேர், குணம் இரண்டு.

ரொறன்ரோ பைப் தண்ணி இதற்குப் போதும், ஆனால் அதில் கிருமி கொல்லக் குளோரமீன் போடுகிறார்கள். அதை அப்படியே பாவித்தால் பியரில் மருந்துக்கடை நெடி வரும், கொதிக்க வைத்தும் லேசில் போகாது. 23 லீற்றர் தண்ணிக்கு அரைக் கம்டன் குளிசையை நசுக்கிப் போட்டுக் கலக்கு, சில நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். அதோடு ஜிப்சம் ஐந்து கிராம். தண்ணிக்கு இவ்வளவுதான்.

காய்ச்சுதல்

காஸ் அடுப்பை வெளியே வைத்துக் காய்ச்சு. கராஜுக்குள் கதவைப் பூட்டிக்கொண்டு காய்ச்சாதே, காபன் மொனொக்சைட்டு மணம் குணம் இல்லாமல் ஆளைக் கொல்லும்.

23 லீற்றர் தண்ணியைச் சூடாக்கி, கொதிக்கத் தொடங்கும் முன் அடுப்பை நிறுத்திவிட்டு, டிஎம்இயில் பாதியை மட்டும் கொட்டு. ஆவி பட்டால் அது பிட்டு மா போல உருண்டு கட்டி பிடிக்கும், பைக்கற் வாயிலும் அப்பும். அதனால் ஒரு சட்டியில் முதலே அளந்து வைத்துக்கொண்டு ஒரே வீச்சில் கொட்டிக் கிண்டு. அடியில் கட்டி இல்லை என்று அகப்பையால் தடவிப் பார்த்த பிறகே அடுப்பை மூட்டு. இந்த இனிப்புத் திரவத்தை வோர்ட் என்பார்கள், நான் சாறு என்றே சொல்லிக்கொண்டு போகிறேன். மற்றப் பாதியைக் கடைசியில் போடுவதற்குக் காரணம் உண்டு: செறிவு குறைந்த சாறில் ஹொப்ஸ் கசப்பு நல்லாக இறங்கும், நிறமும் கறுக்காது.

கொதி தொடங்கும்போது நுரை எழும்பி வழியப் பார்க்கும். பால் பொங்குவது தைப்பொங்கலுக்கு மட்டும் நல்லது. அந்த ஐந்து நிமிடமும் போனைப் பார்க்காதே. ஒரு போத்தல் குளிர்ந்த தண்ணியைக் கையில் வைத்து, எழும்பினால் தெளி.

நுரை அடங்கியதும் கொலம்பஸ் 35 கிராமைப் போட்டு, மூடாமல் ஒரு மணித்தியாலம் கொதிக்கவிடு. ஹொப்ஸில் உள்ள அல்பா அமிலம் அப்படியே கரையாது. கொதிக்கும்போது அதன் வடிவம் மாறித்தான் கசப்பாகச் சாறில் இறங்கும், அதற்குத்தான் இவ்வளவு நேரம். இதே நேரத்தில் மண எண்ணெய்கள் ஆவியோடு போய்விடும். அதனால் கொலம்பஸ் கசப்புக்கு மட்டும், விலை கூடிய சிட்ராவை இங்கே வீணாக்காதே. கசப்பு அளவான ஐபியூ இந்தக் கணக்கில் 70ஐ ஒட்டி வரும். நூறைத் தாண்ட வேண்டும் என்று அடம் பிடிப்பவர்களை எனக்குத் தெரியும். அவர்களின் பியரைக் குடித்தால் வேப்பெண்ணெய்தான் ஞாபகம் வரும்.

முடிய பத்து நிமிடம் இருக்கும்போது அடுப்பை நிறுத்தி, மிச்ச டிஎம்இயையும் சீனியையும் கரைத்து, திரும்ப மூட்டி, சென்டெனியல் 30 கிராமைப் போடு. செப்புச் சுருளையும் அப்போதே கிடாரத்துக்குள் இறக்கிவிடு, கொதியிலேயே அது சுத்தமாகிவிடும்.

மணித்தியாலம் முடிந்ததும் அடுப்பை நிறுத்து. சுருளுக்குள் தண்ணி விட்டு 80 பாகைக்கு (எல்லாம் செல்சியஸ் கணக்கு) கொண்டுவந்து, தண்ணியை நிறுத்தி, சிட்ரா 50, சிம்கோ 50 கிராமைப் போட்டு இருபது நிமிடம் இடைக்கிடை மெல்லச் சுழற்று. இந்தச் சூட்டில் கசப்பு கொஞ்சமாகத்தான் ஏறும், மணம் தங்கும். எனக்கு முழு வேலையிலும் பிடித்த நேரம் இது. மூடியைத் திறந்தால் முகத்தில் அடிக்கும் ஆவியில் தோடம்பழத் தோலும் பச்சை மாங்காய்ப் பாலும் சேர்ந்து வரும். மருமகன் அதைப் போனில் காட்டி "மணக்குதோ மாமா?" என்று கேட்பான். எனக்கு இங்கே பக்கத்து வீட்டு மல்லிகைதான் மணக்கும்.

ஈஸ்ட்

திரும்பத் தண்ணி விட்டுச் சாறை 18 பாகைக்கு இறக்கு. கோடையில் பைப் தண்ணி அவ்வளவு குளிராது. 22இல் நின்றால், வாளிக்கு மாற்றி மூடி, குளிரான இடத்தில் சில மணித்தியாலம் வைத்து மிச்சத்தை இறக்கு. அவசரப்பட்டுச் சூட்டில் ஈஸ்ட் போடாதே. அடியில் தங்கும் ஹொப்ஸ் சேறு ஒன்றரை லீற்றர் போகும், அதைக் கிடாரத்திலேயே விடு. ஹைட்றோமீற்றரில் பார்த்தால், வெறும் தண்ணி 1.000 என்ற கணக்கில், 1.072ஐ ஒட்டி நிற்கும். எழுதி வை.

வாளியை மூடி இரண்டு நிமிடம் பலமாகக் குலுக்கு. ஈஸ்ட் பெருக ஒட்சிசன் வேண்டும். முழு வேலையிலும் காற்றை நாங்களாக அழைப்பது இந்த ஒரு தடவைதான். பிறகு ஈஸ்ட் பைக்கற் இரண்டையும் மேலே தூவு. ஒன்று போதாதா என்று கேட்காதே. இவ்வளவு சீனிக்கு ஒரு பைக்கற் ஈஸ்ட் மூச்சு வாங்கும், பாதியில் நிற்கும்.

18 முதல் 20 பாகைக்குள் வைத்திருப்பதுதான் இந்தக் கிழமையின் வேலை. கனடா பேஸ்மென்ற் இதற்கென்றே கட்டியது போல. 28, 30 பாகையில் புளித்தால் ஈஸ்ட் சாராய எரிவையும் நெயில் பொலிஷ் நெடியையும் விடும். புளிக்கும்போது உள்ளே சூடு தானாக இரண்டு மூன்று பாகை ஏறும் என்பதால் வாளியின் பக்கத்தில் ஒட்டிய வெப்பமானியைப் பார், அறையின் சூட்டைப் பார்க்காதே.

முதல் மூன்று நாளுக்குச் சின்ன ஏர்லொக்கை நம்பாதே. மூடித் துளையில் அகலமான குழாய் ஒன்றை இறுக்கி, மறுமுனையை ஸ்டார் சான் உள்ள போத்தலுக்குள் விடு. என் சொல்லைக் கேட்காமல் மருமகன் ஏர்லொக் மாட்டினான். இரண்டாம் நாள் இங்கே விடியப்புறம் போன் அடித்தது.

"மாமா, நுரை தள்ளுது, மூடி வயித்தைத் தள்ளிக்கொண்டு நிக்குது."

"துளை அடைச்சிருக்கு. துணியைப் போட்டு ஏர்லொக்கை மெல்லக் கழட்டு. முகத்தை விலத்தி வை."

கழற்றினான். பேஸ்மென்ற் கூரையில் பச்சைப் புள்ளிகள் இன்னும் இருக்கின்றன. தங்கச்சி அதற்கு இரண்டு கிழமை என்னோடு கதைக்கவில்லை.

மணத்துக்கான ஹொப்ஸ்

ஐந்தாம் நாள் அளவில் ஹைட்றோமீற்றர் 1.020ஐ ஒட்டி வந்திருக்கும். சிட்ரா 75, சிம்கோ 75 கிராமைச் சூடாக்காமல் அப்படியே பியருக்குள் போடும் நேரம் இது. முழுக்கப் புளித்து முடியும்வரை காத்திருக்காமல் இப்போதே போடச் சொல்வதற்குக் காரணம், மூடி திறக்கும்போது உள்ளே போகும் காற்றில் உள்ள ஒட்சிசனை இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும் ஈஸ்ட் தின்றுவிடும் என்பதுதான். மூடியைக் கொஞ்சமாகத் திற, கொட்டு, மூடு. கரைந்த வாயு குளிகை பட்டதும் நுரைத்துக் கிளம்பும், அதனால் முதலில் ஒரு பிடி, அடங்கிய பிறகு மிச்சம். கிண்டாதே. எட்டிப் பார்த்து மணக்காதே, உனக்கு வரும் மணம் பியரில் இருந்து போகும் மணம்.

இந்த 150 கிராம் லீற்றருக்கு எட்டுக் கிராம் அளவில் வருகிறது. ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வில், அந்த அளவைத் தாண்டினால் பழமணம் அதே விகிதத்தில் ஏறவில்லை, தேயிலையும் பச்சிலையும் போன்ற சுவைதான் கூடுகிறது என்று கண்டார்கள். நான் அதற்கு முன்பே 300 கிராம் போட்டுப் பார்த்துக் காசை வீணாக்கியவன். புல்லுச் சாறு.

நாலு நாள் விடு. இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஹொப்ஸில் நொதியங்கள் உண்டு. ஈஸ்ட் தின்ன முடியாமல் விட்ட பெரிய மாச்சத்தை அவை உடைத்துச் சீனியாக்கும், உறங்கப் போன ஈஸ்ட் திரும்ப எழும்பித் தின்னும். இதை ஹொப் கிரீப் என்கிறார்கள். அதனால் ஹொப்ஸ் போட்ட பிறகு வாசிப்பு இன்னும் கொஞ்சம் இறங்கும். 1.013 அளவுக்கு வந்து, மூன்று நாள் தொடர்ந்து அசையாமல் நின்றால்தான் முடிந்தது. ருசி பார்க்கும்போது பட்டர் மணம் வந்தால் முடியவில்லை, இன்னும் மூன்று நாள் அதே சூட்டில் விடு. இதைத் தாண்டிக்கொண்டு போய்ப் போத்தலில் அடைத்தால், புளிப்பு போத்தலுக்குள் நடக்கும், போத்தல் வெடிக்கும்.

இடம் உள்ள பிரிட்ஜ் இருந்தால் வாளியை ஒரு நாள் 4 பாகையில் வைக்கலாம், தூள் அடியில் படியும். அதற்கு முன் ஏர்லொக்கைக் கழற்றித் துளையைத் தக்கையால் அடைத்துவிடு. குளிர்ந்தால் வாயு சுருங்கி வெளிக்காற்றை உறிஞ்சும். வாளி கொஞ்சம் உள்ளே ஒடுங்கும், அது பரவாயில்லை. பிரிட்ஜ் இல்லை என்றால் விடு. கலங்கல் ஒரு குறை இல்லை.

போத்தல்

கெக், அதாவது அழுத்தம் தாங்கும் உலோகப் பீப்பா, வாங்க வசதி இருந்தால் வாங்கு. கெக்கை ஸ்டார் சானால் முட்ட நிரப்பி, அதைக் காபனீரொட்சைட்டால் தள்ளி வெளியேற்றினால் உள்ளே காற்றே இருக்காது. பிறகு குழாய் வழியாகப் பியரை உள்ளே விடு. பிரிட்ஜில் 4 பாகையில், 11 பிஎஸ்ஐ அழுத்தத்தில் ஒன்றரைக் கிழமை வைத்தால் வாயு ஏறிவிடும். டபுள் ஐபிஏக்கு இதற்கு மேலான வழி இல்லை.

முதல் தடவை பலரும் போத்தல்தான். கனடாவின் 341 மில்லிலீற்றர் மண்ணிறப் போத்தல் ஐம்பது வேண்டும். பச்சையும் வெள்ளையும் வேண்டாம், வெளிச்சம் பட்டால் ஹொப்ஸ் கசப்பு நாறும். ஹொப்ஸும் அடிமண்டியும் குடித்தது போக மிஞ்சும் 17 லீற்றர் பியருக்கு 105 கிராம் சீனியை ஒரு கோப்பை தண்ணியில் கொதிக்க வைத்து ஆற விட்டு, இரண்டாவது வாளியின் அடியில் ஊற்று. அதற்கு மேலே பியரைச் சைஃபனால் இறக்கு. குழாயின் வாய் எப்போதும் திரவத்துக்குள் இருக்க வேண்டும், சலசலவென்று விழவே கூடாது. உறிஞ்சும் முனையில் கிருமிநீக்கிய நைலோன் துணி ஒன்றைக் கட்டு, இல்லை என்றால் ஹொப்ஸ் தூள் அடைத்து நடுவில் நிற்கும். போத்தலைக் கழுத்துவரை நிரப்பு, வெற்றிடம் இரண்டு விரல் அளவுக்கு மேல் வேண்டாம். மூடியை வைத்து, எழும்பும் நுரை மூடியைத் தொடும்போது அடி. ஒட்சிசன் உறிஞ்சும் மூடி கடையில் கிடைக்கும், கொஞ்சம் விலை கூட, வாங்கு.

20 பாகையில் இரண்டு கிழமை. ஒன்றைக் குளிர வைத்துத் திறந்து பார். சீறி, கிளாசில் வெள்ளை நுரை நின்றால் மிச்சம் முழுவதையும் உடனே பிரிட்ஜுக்கு ஏற்று. அலுமாரியில் விடாதே.

சுத்தம் செய்யும்போது ஒன்று. வாளி அடியில் கிடக்கும் ஹொப்ஸ் சேறை வளவில் கொட்டுவதானால் நாய்க்கு எட்டாத இடத்தில் கொட்டு. ஹொப்ஸ் தின்றால் நாயின் உடல்சூடு கட்டுக்கடங்காமல் ஏறிச் சாகவும் கூடும். உங்கள் வீட்டு நாய் கருவாட்டுத் தலைக்கே வேலி பாயும் சாதி. கறுப்புப் பையில் கட்டிக் குப்பைக்குப் போடுவதே மேல்.

மூடியில் அடைத்த திகதியை எழுது. ஒரு மாதத்துக்குள் முடி. ஐம்பது போத்தலை ஒருவன் முடிக்க முடியாது, முடிக்கவும் கூடாது, இது எட்டு வீதத்தை ஒட்டிய சாமான். கூட்டாளிகளுக்குக் கொடு, காசு வாங்காதே, வாகனம் ஓட்டுபவனுக்குக் கொடுக்காதே. முதல் போத்தலில் இருந்து ஒவ்வொரு கிழமையும் ஒன்றைத் திறந்து நிறத்தையும் மணத்தையும் இரண்டு வரி எழுதி வைத்தால், மணம் எந்தக் கிழமையில் இறங்கத் தொடங்குகிறது என்று உனக்கே தெரியும். மூன்றாம் கிழமையிலேயே கறுத்தால் அடைக்கும் நாளில் எங்கேயோ காற்றுப் போயிருக்கிறது. பெரும்பாலும் சைஃபன் தொடக்கம்தான்.

ஆவணியில் நல்லூர்த் திருவிழாவுக்கு வரும்போது இரண்டு போத்தல் கொண்டுவரட்டோ என்று கேட்டிருந்தாய். வேண்டாம். அந்த நிறைக்கு அண்ணைக்கு மூட்டுவலி மருந்து கொண்டுவா. போத்தலை அங்கேயே திறந்து, ஊற்றும் சத்தத்தை வீடியோவில் காட்டு. நான் இங்கே கதிரையோடு இருப்பேன்.